கைலித் துணி போர்த்திய கிளிப் பலகை

அன்புள்ள தோழிக்கு,

நலமா? அத்தைக்கு முட்டி வலி குறைந்திருக்கிறதா, மாடி ஏறி இறங்குவதை விட்டுவிட்டார்களா? ஓசூரில் உட்கார்ந்துகொண்டு வேலூர் வெயில் எப்படி என்று கேட்கிறாய். பங்குனியிலேயே தொடங்கிவிட்டது, பதினொரு மணிக்கு மேல் லாங் பஜார் பக்கம் போக மனசே வருவதில்லை, அக்னி நட்சத்திரம் வேறு இன்னும் பாக்கி இருக்கிறது. மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா எங்களோடுதான் இருக்கிறார், இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கிடைக்கிற நாளெல்லாம் வீட்டில் அதுதான் குழம்பு.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நான் அனுப்பிய போட்டோவில் என் மகளுக்குப் பின்னால் சுவரில் ஒரு கிளிப் பலகை தொங்குகிறதே, அது கடையில் வாங்கியதில்லை, நானே செய்தது. அவளுடைய கிளிப், ஹேர்பேண்ட், ரிப்பன், முடி கட்டுகிற லவ் பேண்ட் எல்லாம் இப்போது அதில்தான் இருக்கின்றன. உன் பெரியவளும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு போகிறாள், ரெட்டைச் சடையும் ரிப்பனும் கட்டாயம் என்று எழுதியிருந்தாய். அதற்குள் நீயும் ஒன்று செய்துவிடு, காலையில் வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது ஒரு ரிப்பன் கையில் இருந்து இன்னொன்றைக் காணாமல் தேடுகிற பாடு இருக்கிறதே, அது உனக்கு வேண்டாம்.

பலகைக்குத் தச்சரிடம் மிஞ்சிய பிளைவுட் துண்டு போதும். இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம், 12 மி.மீ. கனம். இதைவிட மெலிந்தால் ஸ்க்ரூ பிடிக்காது. ஓரங்களை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்துவிடு, பிள்ளைகள் கை வைக்கிற இடம். மேலே போர்த்த நான் எடுத்தது குடியாத்தம் கைலித் துணி. அழகுக்காக மட்டும் எடுக்கவில்லை. கட்டம் போட்ட துணியாக எடுத்தால் அந்தக் கோடுகளே ஸ்கேல் மாதிரி வேலை செய்யும், பட்டைகளை நேராக வைக்கத் தனியாக அளந்து கோடு போட வேண்டியதே இல்லை. துணியைப் பின்பக்கம் மடித்து அடிக்கும்போது நாலு பக்கமும் நடுவிலிருந்து தொடங்கி மூலைக்கு வா. மூலையில் தொடங்கினால் கட்டம் கோணிக்கொள்ளும். பின் அடிக்கிற டேக்கர் இல்லாவிட்டால் சின்ன ஆணியே போதும்.

அடுத்து கிளிப் மாட்டும் பட்டை. எல்லோரும் சாட்டின் ரிப்பன் கட்டுகிறார்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் டிக் டாக் கிளிப் அதில் நிற்காது, ஒன்றை எடுத்தால் மற்றதெல்லாம் வழுக்கிக் கீழே வந்து குவியும். நான் போட்டது ஆம்பூர் தோல். அங்கே ஷூவுக்கு மேல்தோல் வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுகள் எடைக்குக் கிடைக்கும், என் நாத்தனார் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் இருப்பதால் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். (ஆம்பூர் 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். அம்மாவுக்கோ குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லாம் இன்றைக்கும் வட ஆற்காடுதான்.) தோலுக்கு ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு, தடவிப் பார்த்தாலே தெரியும். அரை இஞ்ச் அகலத்துக்குப் பட்டை வெட்டி, சொரசொரப்பான பக்கம் வெளியே தெரியும்படி மேலிருந்து கீழாக இழுத்து அடித்துவிட்டால் கிளிப் போட்ட இடத்திலேயே கவ்விக்கொண்டு நிற்கும், பிள்ளை ஒரே கையால் இழுத்து எடுக்கலாம். தோல் வாடை பிடிக்காது என்றால் முதலில் சில நாள் நிழலில் காற்றாடப் போட்டு வை. வெயிலில் போடாதே, விறைத்துவிடும். தோல் கிடைக்காவிட்டால் குறுக்கே வரிவரியாக நெய்த கெட்டி ரிப்பன் வாங்கு, அதுவும் பிடிக்கும். நைலான் ரிப்பன் என்றால் வெட்டிய முனையைத் தீக்குச்சியில் லேசாகக் காட்டிவிட்டால் பிரியாது.

ஹேர்பேண்டுக்கு அரை இஞ்ச் பிவிசி பைப், ஒரு அடி நீளம், இரண்டு கிளாம்ப் போட்டு முடுக்கினால் வேலை முடிந்தது. லவ் பேண்டும் ரிப்பனும் தொங்கவிட எல்லோரும் பித்தளை ஹூக் வாங்கச் சொல்வார்கள், அதை மட்டும் கேட்காதே. பலகை இருப்பது பிள்ளையின் கண் மட்டத்தில், ஓடிவந்து மோதினால் என்ன ஆகும்? டிராயருக்குப் போடுகிற உருண்டையான மரக்குமிழ் போடு. சைடு பின்னுக்குப் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒட்டியிருக்கிறேன், பின் எல்லாம் இரும்புதானே, கொத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சின்ன ரப்பர் பேண்டுகளைச் சாவி வளையத்தில் கோர்த்துவிட்டேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது உயரத்தைப் பற்றி. நாம் நின்று பார்த்து அழகாக இருக்கிற உயரத்தில் மாட்டினால் அது நமக்கு அலங்காரம், அவ்வளவுதான், எடுத்துக் கொடுப்பதும் திரும்ப மாட்டுவதும் கடைசிவரை நம் தலையில்தான். பலகையின் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கட்டும். அப்போது மேல்விளிம்பு நாலரை அடி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கையைத் தூக்கினால் எட்டிவிடும். என் மகள் இப்போது என்னைக் கேட்பதில்லை. குளித்துவிட்டு வந்ததும் இரண்டு ரிப்பன், இரண்டு கருப்பு பேண்ட், சீப்பு எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்காருகிறாள், சாயங்காலம் சடையை அவிழ்த்ததும் அவளே கொண்டுபோய் மாட்டுகிறாள். சனி, ஞாயிறில் எந்தக் கிளிப் என்பது முழுக்க அவள் இஷ்டம், சட்டைக்கு ஒத்துப்போகாவிட்டாலும் நான் வாய் திறப்பதில்லை. அந்தப் பொறுப்பை அந்த வயசிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உன் வீட்டில் இரண்டு வயசுச் சின்னவன் இருக்கிறான் என்பதால் ஒன்று. மணி, முத்து வைத்த கிளிப், சின்ன ரப்பர், பின், காந்தம் எல்லாவற்றையும் மேல் பாதியில் வை. கையில் கிடைத்ததை வாயில் போட்டுக்கொள்கிற வயசு அவனுக்கு. கீழ்ப் பாதியில் ரிப்பனும் துணி பேண்டும் மட்டும் போதும். காந்தத்தை ஒட்டினால் மட்டும் போதாது, மேலே ஒரு துணி வைத்துத் தைத்துவிடு, கழன்று விழ வழியே இருக்கக் கூடாது.

மாட்டுவதற்கு டபுள் சைடு டேப்பை நம்பாதே, வெயிலில் பசை இளகி சுண்ணாம்போடு பெயர்ந்து வரும். சொந்த வீடென்றால் 6 மி.மீ. ஓட்டை போட்டு பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்கலாம். உன் வீட்டுக்காரம்மா ஆணி அடிக்கவே விடமாட்டார் என்றாயே, அப்படியானால் மேலே இரண்டு துளை போட்டுக் கனமான கயிறு கோர்த்து ஜன்னல் கம்பியில் கட்டு, ஆடாமல் கீழேயும் ஒரு கட்டு. ஆனால் மேற்கு வெயில் அடிக்கிற ஜன்னல் வேண்டாம், ரப்பரெல்லாம் பிசுபிசுத்துப் போய்விடும். பின்பக்கம் நாலு மூலையிலும் சின்னக் கட்டை ஒட்டிக் கொஞ்சம் இடைவெளி விடு, ஐப்பசி மழையில் சுவர் ஓதம் இறங்கினால் தோலில் பூஞ்சணம் பூத்துவிடும்.

பரதநாட்டிய நகை செட்டை மட்டும் இதில் மாட்டாதே. நெத்திச்சுட்டி, ராக்கொடி எல்லாம் காற்றுப்பட்டால் மெருகு போய்விடும், பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியிலேயே இருக்கட்டும். அப்புறம், பலகை நிறைந்துவிட்டால் புதுசு வாங்குவதில்லை என்று நாங்கள் பேசி வைத்திருக்கிறோம், வேண்டுமென்றால் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிட்டு வாங்கலாம். திருவிழாக் கடையில் அழுகை இல்லாமல் வர அது ரொம்ப உதவுகிறது.

தோல் பட்டைகளை நான் இங்கேயே வெட்டி வைக்கிறேன், உன் தம்பி காட்பாடி வரும்போது கொடுத்தனுப்புகிறேன். நீ உன் பெரியவளை நிற்க வைத்துக் கையைத் தூக்கச் சொல்லி உயரம் அளந்து எழுது, ஹேர்பேண்ட் எத்தனை இருக்கிறது என்றும் எண்ணிச் சொல், பைப்பின் நீளத்தை அதற்குத் தகுந்தபடி வைக்கலாம். பட்டை என்ன நிறம் வேண்டும் என்று அவளையே கேள், என்னிடம் இப்போது கருப்பும் பழுப்பும் கொஞ்சம் சிவப்பும் இருக்கிறது.

அன்புடன்,
உன் வேலூர்க்காரி