பாலைப்பழமும் கிளச் கேபிளும்

ஆசிரியருக்கு,

பழங்குடி மக்களையும் வேட்டையையும் பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நல்ல கட்டுரை. காட்டோடு பிறந்தவன் வயிற்றுக்காக ஒரு மானை அடிப்பதையும், பட்டணத்துக்காரன் காசு கொடுத்து அடிப்பிப்பதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வட இலங்கையில் எங்கள் வன்னி மக்களுக்கும் இது பரம்பரை உரிமைதான் என்று கடைசிப் பந்தியில் ஒரு வசனத்தைச் சொருகி முடித்திருக்கிறார். அந்த இடத்தில்தான் எனக்கு இடறியது. நான் நெடுங்கேணிப் பக்கத்து ஆள், வேட்டைக்காரன் வீட்டுப் பிள்ளை. அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

என் தகப்பனாரை நாங்கள் அப்பு என்றுதான் கூப்பிடுவோம். வயல்தான் தொழில். அரிவி வெட்டு முடிந்தால் இடியன் துவக்கோடு காட்டுக்குள் இறங்கிவிடுவார். காடு தொடங்கும் இடத்தில் ஒரு மரத்தடியில் ஐயனார் என்று ஒரு கல் இருந்தது. ஒரு குழையை முறித்து அதற்கு முன்னால் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். காட்டுக்குள் நிற்கும்வரை யானையைப் பெயர் சொல்ல மாட்டார், 'பெரியவர்' என்பார். இரவில் ஒரு வெடி கேட்டால் விடியற்காலையில் எங்கள் முற்றத்தில் பங்கு நடக்கும். சுட்டவருக்கு ஒரு பங்கு, துவக்குக்கு ஒரு பங்கு, கூடப் போனவருக்கு ஒன்று, பிறகு ஆம்பிளை இல்லாத வீடுகளுக்கு. தேக்கம் இலையில் சுற்றி அந்த வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. மிஞ்சியதை உப்பும் மஞ்சளும் தடவிப் புகையில் போட்டு வத்தலாக்குவார்கள். தேனுக்குள் போட்டு வைப்பதும் உண்டு. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் சிறைப்பட்டிருந்து, 1679இல் அருவியாற்றைப் பிடித்து அரிப்புக்குத் தப்பி வந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், இலங்கையின் பழங்குடிகளான வேடர்களைப் பற்றி எழுதிய இடத்திலும் இந்தத் தேன் வித்தை வருகிறது. மரப்பொந்தில் தேனை விட்டு, இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்துவிடுவார்களாம்.

கேட்க இனிக்கும். ஆனால் அப்பு ஒன்றும் புனிதர் இல்லை. சினைமானைச் சுடாதே என்று எங்களுக்குச் சொல்வார். இருட்டில் சினை எது, கிடாய் எது என்று யார் கண்டது? கோடையில் வற்றாத மோட்டைக்குத் தண்ணீர் குடிக்க வரும் மிருகத்தைப் பரணில் இருந்து சுட்டவர்களில் அவரும் ஒருவர். அன்றைக்குக் காடு அதைத் தாங்கியது. ஆட்கள் குறைவு. ஒரு வெடி போட்டுவிட்டு மருந்து இடித்து அடுத்த வெடிக்கு ஆயத்தமாவதற்குள் மற்றதெல்லாம் ஓடிவிடும். அவருடைய அடக்கத்தில் பாதி அந்த இடியன் துவக்கின் அடக்கம் என்றே இப்போது நினைக்கிறேன்.

இன்றைக்கு எங்கள் பக்கம் நடப்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் மாடு தேடிக் குளத்தின் அலைகரைக்கு அப்பால் போனேன். நாற்றம்தான் முதலில் வந்தது. ஒரு மரைக் கன்று, கடமான் என்றும் சொல்வார்கள். பின்னங்காலில் மோட்டார் சைக்கிள் கிளச் கேபிளில் போட்ட சுருக்கு, எலும்பு தெரிய இறங்கியிருந்தது. சுருக்கைக் கட்டியிருந்த வீரை மரத்தைச் சுற்றி மண் உழுததுபோலக் கிடந்தது, அவ்வளவு துடித்திருக்கிறது. செத்து மூன்று நாலு நாள் இருக்கும். வைத்தவன் வந்து பார்க்கவேயில்லை. அதே வரிசையில் இன்னும் ஒன்பது சுருக்கு எண்ணினேன். கையிலிருந்த கத்தியால் கேபிளை வெட்ட முடியவில்லை, முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் எடுத்தேன். அப்பு களைத்தால் வீட்டுக்கு வந்துவிடுவார். சுருக்கு களைப்பதில்லை. சினை, குட்டி, கரடி, சிறுத்தை எதுவென்றும் பார்ப்பதில்லை. 2020இல் மலைநாட்டில் நல்லதண்ணிப் பக்கம் அகப்பட்டு, சிகிச்சை கொடுத்தும் செத்துப்போன கருஞ்சிறுத்தையும் இப்படியொரு சுருக்கில் மாட்டியதுதான். கட்டுத்துவக்கு இன்னொரு சாதி. தடத்துக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் கால் பட்டதும் வெடிக்கும். விறகுக்குப் போன எங்கள் அயலவர் ஒருவர் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்.

அந்த இறைச்சி ஊரில் பங்கு போடப்படுவதில்லை. றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் ஐஸ் போட்டு இரவோடு இரவாகப் போகிறது. வாங்குபவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாதா? கலியாண வீட்டுக்காரர், பட்டணத்து முதலாளிமார், பிறகு வெளிநாட்டிலிருந்து ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்து "காட்டிறைச்சி சாப்பிட்டு எத்தனை வருடம்" என்று உருகும் எங்கள் சொந்தக்காரர். பிடிபட்டால் கோட்டுக்குப் போவது சுருக்கு வைத்த பெடியன் மட்டும்தான்.

இதற்குப் பழங்குடி உரிமை என்று பெயர் வைப்பது, உண்மையிலேயே அந்த உரிமையை இழந்து நிற்பவர்களுக்குச் செய்யும் அநியாயம். மதுறு ஓயா 1983இல் தேசியப் பூங்காவானபோது, தம்பானை வேடர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காட்டில் அதே வேட்டை குற்றமாகிப் போனது. வெளியேற மறுத்து நின்ற தலைவர் ஊருவரிகே திசாகாமி 1998இல் காலமானார். அவர்கள் தங்களை 'வன்னியல எத்தோ' என்கிறார்கள், காட்டு மக்கள் என்று பொருள். (அந்தப் பெயருக்கும் எங்கள் வன்னிக்கும் உள்ள உறவைப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.) வாகரையிலும் மூதூர்ப் பக்கத்திலும் தமிழ் பேசும் வேடர்கள் இருக்கிறார்கள். கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு 2007இல் இலங்கையும் ஆதரவாகத்தான் வாக்களித்தது. பக்கத்து இந்தியாவில் 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது, அதிலும் வேட்டை உரிமையை மட்டும் விலக்கியே வைத்தார்கள். ஆக, எங்குமே தீராத வழக்கு இது. குளம் கட்டி நெல் விதைத்துக் காட்டையும் ஒரு கை பார்த்துக்கொண்ட நாங்கள், அவர்களுடைய மனுவின் அடியில் எங்கள் கையெழுத்தையும் போட்டுக்கொள்வது சரியில்லை.

உலகத்துப் பல்லுயிர்களில் 80 சதவீதம் பழங்குடியினரின் நிலத்தில் இருப்பதாகக் கட்டுரை சொல்கிறது. பல வருடமாக எல்லோரும் எடுத்துப்போடும் கணக்கு. அதற்கு ஆதாரமே இல்லை என்று பழங்குடியினரும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை 2024இல் 'நேச்சர்' இதழில் வந்துவிட்டது. அவர்கள் காட்டைக் காப்பதற்கு வேறு எத்தனையோ சான்று இருக்கும்போது இது எதற்கு?

காட்டின் மதிப்பு என்று வரும்போது கட்டுரையாளர் மரத்தையும் கார்பனையும்தான் எண்ணுகிறார். பாலை மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு மாதிரி மரம், ஒருகாலத்தில் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகப் போனது. மெதுவாகத்தான் வளரும். வைகாசி, ஆனியில் பழுத்தால் வீதியோரத்தில் சுண்டில் அளந்து விற்பார்கள். ஒரு சுண்டு தின்று முடிய உதடு இரண்டும் பாலில் ஒட்டிக்கொள்ளும், தேங்காயெண்ணெய் தடவித்தான் பிரிக்க வேண்டும். அதே பழத்துக்கு மரத்தில் ஏறுவது கரடி. அந்த நாட்களில் கரடிப் பீயைப் பார்த்தால் முழுக்கப் பாலை விதை. குரங்கும் பறவைகளும் மிச்சத்தைக் கொண்டுபோகும். விளாம்பழத்தைத் தின்று விதையைப் பரப்ப யானை இருக்கிறது. இவற்றைச் சுருக்கு வைத்து எடுத்துவிட்டால் நிற்கிற மரம் நிற்கும், செய்மதிப் படத்தில் காடு பச்சையாகத்தான் தெரியும். அடுத்த பாலை எங்கே முளைப்பது? மிருகம் ஒழிந்து மரம் மட்டும் நிற்கும் இந்த நிலைக்குக் கென்ட் ரெட்ஃபோர்ட் என்ற சூழலியலாளர் 1992இலேயே 'வெறுங்காடு' என்று பெயர் வைத்துவிட்டார். கார்பன்தான் முக்கியம் என்பவர்களுக்கும் இது நட்டம். கார்பனை அதிகம் பிடித்துவைக்கும் கன மரங்களில் பல பெரிய விதைக்காரர்கள், பெரிய வாய் இல்லாமல் அவை பரவ மாட்டா.

சரி, அப்படியானால் வேட்டையை முற்றாக நிறுத்திவிடுவதா என்று கேட்பார்கள். அமேசன் காட்டுக்குள் இருப்பவனிடம் மிருகத்தை விட்டுவிட்டு மாட்டிறைச்சி வாங்கு என்றால், அந்த மாட்டுக்குப் புல்வெளி வேண்டும், புல்வெளிக்குக் காட்டை வெட்ட வேண்டும். அங்கே அந்த நியாயம் நிற்கும். எங்களுக்கு வாசலில் குளத்து மீன் இருக்கிறது, கோழி இருக்கிறது. நெல்லுக்குள் இறங்கும் பன்றியை விரட்டுவது வேறு கதை, அதை ஒரு கமக்காரனாக நானும் செய்கிறேன்.

அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்த பலருக்குத் தங்கள் வயலுக்குள் காட்டு எல்லைக்கல் நட்டுக் கிடந்தது. இடம்பெயர்ந்திருந்த வருடங்களில் வளர்ந்த பற்றையைப் பார்த்துவிட்டுக் காடு என்று எழுதிக்கொண்டார்கள். காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டு அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்தவர்களில் என் அண்ணரும் ஒருவர். அவருக்குச் சுருக்கு வைக்கிறவன் யார் என்று தெரியும், எந்த வாகனம் வந்து எடுக்கிறது என்றும் தெரியும். போய்ச் சொல்லுங்கள் என்றேன். "என்ர காணியைத் தந்த பிறகு சொல்லுறன்" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னுமொன்று. கட்டுரையோடு 'மரை' என்று போட்டிருந்த படம் புள்ளிமான். மரைக்கு உடம்பில் புள்ளி கிடையாது, ஆளும் அதைவிட மிகப் பெரிது.

ஒரு வாசகர்,
நெடுங்கேணி.