டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த ஒரு வரி போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் அப்பாவை நெஞ்சு நோய் வார்டில் ஒன்பது நாள் வைத்திருந்தோம். டாக்டர்கள் சி.ஓ.பி.டி. (நுரையீரல் கெட்டு மூச்சு அடைக்கிற நாள்பட்ட நோய்) என்றார்கள், எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் இழுப்பு. நாற்பது வருடப் பீடி. ஆக்சிஜன் மாஸ்க்கோடு கிடந்த முதல் இரண்டு நாளும் "இனிமே தொடவே மாட்டேன்" என்று அவராகவே என் கையைப் பிடித்துச் சொன்னார். மூச்சு கொஞ்சம் சரியானதும் தூக்கம் போச்சு, எதற்கெடுத்தாலும் எரிச்சல், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு நர்ஸம்மாவிடம் சண்டை. ஐந்தாம் நாள் பாத்ரூம் போகிறேன் என்று போனவரை, கேட்டுக்கு எதிர் டீக்கடையில், கையில் குத்திய ஊசியும் பிளாஸ்திரியுமாக, பீடியோடு பிடித்தேன்.

டாக்டர் திட்டினார். திட்டியது தப்பில்லை, ஆனால் அதோடு முடிந்துவிட்டது. டிஸ்சார்ஜ் சீட்டில் இன்ஹேலர் பெயருக்குக் கீழே "புகைபிடிக்கக் கூடாது" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்த எரிச்சல் நிகோடின் கிடைக்காததால் வருவது, முதல் வாரம்தான் ரொம்பப் படுத்தும், அதற்கென்றே நிகோடின் சூயிங்கம் இருக்கிறது, அதையும் சும்மா மெல்லாமல் கொஞ்சம் மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் வார்டில் ஒருவரும் சொல்லவில்லை. "கெட்டது கெட்டுப்போச்சு, இனி விட்டு என்னத்துக்கு" என்கிறார் அப்பா. போன நுரையீரல் திரும்பாது, ஆனால் விட்டால் மிச்சம் இருப்பது தேய்கிற வேகம் குறையும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டாமா?

எச்.ஐ.வி.க்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் வைத்து, தனி ஆலோசகரையும் போட்டிருக்கிறோம். நெஞ்சு நோய் வார்டுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். படுக்கையிலேயே பேச்சைத் தொடங்கி, வீட்டுக்குப் போன பிறகும் ஒரு மாதமாவது போன் போட்டு விசாரித்தால் விடுகிறவர்கள் கூடுகிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. பீடி தேடி ஓட முடியாமல் மனிதர் ஒரே இடத்தில் கிடப்பதும் பயந்து போயிருப்பதும் அந்த முதல் சில நாள்தானே!

புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை 2018 முதல் பீடி, சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிடுகிறார்கள், தமிழிலும் பேசலாம். அப்பா சில்லறையாக வாங்குகிறவர், பாக்கெட்டையே பார்த்ததில்லை. பாக்கெட்டில் இருக்கிற அந்த எண் டிஸ்சார்ஜ் சீட்டில் ஏன் இல்லை?

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்