அடுப்பு உள்ளேயா, வெளியேயா?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும், அதனுள் நான்காக மடித்து வைத்திருந்த இரண்டு வரைபடங்களும் வந்து சேர்ந்தன. ஓய்வு பெற்றதும், உள்ளே படுத்துறங்க வசதியுள்ள ஒரு சிறிய கேம்பிங் டிரெய்லரைக் காரின் பின்னால் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போவதாக நீ சொல்லிவந்ததை இத்தனை ஆண்டுகளும் பாதி வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். சமையல் மேடையின் நீள அகலங்களை மில்லிமீட்டரில் குறித்து அனுப்பிவிட்டாய். இனி வேடிக்கை செல்லாது. ஒரு வரைபடத்தில் அடுப்பு வண்டிக்கு உள்ளே, மற்றதில் பின்கதவுக்கு வெளியே; எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதானே உன் கேள்வி? என் முதுகு வலியைப் பற்றிக் கேட்டிருந்தாய். பரவாயில்லை, ஆனால் உன் அடுப்புக் கேள்விக்கான பதிலில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

என் முதல் டிரெய்லரில் சமையல் உள்ளேதான் நடந்தது. படுக்கையின் கால்மாட்டில் ஒரு சிறு மேடை, அதில் ஒற்றை பர்னர், பக்கத்தில் கைகழுவும் அளவுக்கு ஒரு தொட்டி. விற்பனைக் கூடத்தில் பார்த்தபோது பொம்மை வீடு போல அழகாக இருந்தது. ஆனால் உட்கூரையின் உயரம் நிமிர்ந்து நிற்கப் போதாது. குனிந்தபடியே நறுக்கி, குனிந்தபடியே கிளறி, பாத்திரத்தையும் குனிந்தபடியே கழுவவேண்டியிருந்தது. ஒரு வேளைச் சமையல் என்றால் அடுப்பு எரியும் இருபது நிமிடம் என்றுதான் நாம் கணக்கிடுகிறோம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒரு மணி நேரத்தை என் முதுகுதான் எனக்கு எடுத்துச் சொன்னது.

முதுகைவிடப் பெரிய தொல்லை ஈரம். நீ வேதியியல் படித்தவன். அடுப்புக்கு நாம் பயன்படுத்தும் புரொப்பேன் வாயு ஒரு கிலோ எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீர் ஆவியாக வெளிவருகிறது என்பதைச் சமன்பாடு எழுதிப் பார்த்தே சொல்லிவிடுவாய். இரண்டு கிலோவாட் பர்னரை ஒரு மணி நேரம் எரித்தால் கால் லிட்டர் நீர். பாத்திரத்திலிருந்து எழும் ஆவி அதற்கு மேல். ஒன்றரை மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் உயரமும் கொண்ட அறைக்குள் இருப்பது நான்கு கன மீட்டரைச் சற்றே தாண்டும் காற்றுதான். குளிர்ந்த இரவில் அந்த ஈரமெல்லாம் அலுமினியச் சுவரில் வியர்த்து, வழிந்து, மெத்தையின் அடியில் போய்த் தங்கிவிடும். மூன்றாவது பயணத்தின் முடிவில் மெத்தையைப் புரட்டியபோது அடிப்பக்கம் முழுவதும் பூஞ்சணம் பூத்திருந்ததைக் கண்டேன். ஜன்னலையும் கூரை விசிறியையும் திறந்து வைத்தே சமைக்கவேண்டும் என்று கையேட்டில் எழுதியிருந்தது உண்மைதான். குளிருக்குப் பயந்து மூடி வைத்தது என் தவறு. ஆனால் குளிருக்குப் பயந்துதானே மனிதன் உள்ளே சமைக்க விரும்புகிறான்?

காற்றோட்டம் குறைந்தால் ஈரம் மட்டுமன்று, கார்பன் மோனாக்சைடும் சேரும். அதற்கு மணம் இல்லை என்பதால் அதை உணரும் கருவி ஒன்று படுத்திருப்பவரின் தலை மட்டத்திற்கு அருகில் இருக்கவேண்டும். கசியும் புரொப்பேன் வேறு குணம் உடையது: காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானதால் அது தரையில் போய்த் தேங்கும், அதற்கான கருவியைத் தரையை ஒட்டியே பொருத்தவேண்டும். உள்ளே அடுப்பு வைக்கும் வரைபடத்தை நீ தேர்ந்தெடுத்தால், இரண்டு கருவிகளுக்கும் தரையில் ஒரு காற்றுத் துளைக்கும் இப்போதே இடம் ஒதுக்கிவிடு.

உன் இரண்டாவது வரைபடம் பழைய கண்ணீர்த்துளி வடிவ டிரெய்லர்களின் வழியில் வந்தது. 1930களில் அமெரிக்காவில் தோன்றிய அந்த வண்டிகளில் உள்ளே படுக்கை மட்டுமே. பின்கதவை மேல்நோக்கித் தூக்கினால் சமையல் மேடை, அந்தக் கதவே கூரை. இதைவிட எளிய ஏற்பாட்டை எவரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. நிமிர்ந்து நிற்கலாம், எண்ணெய்ப் புகை மெத்தையில் ஏறாது, சிந்தினால் மண்ணோடு போகும். இப்போது என்னிடம் இருப்பது அந்த வகைதான், எனவே அதன் குறைகளையும் நானே சொல்லவேண்டும்.

முதலாவது காற்று. வண்டியின் முகத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்தினால் பின்புறம் ஒதுக்காகும் என்று நினைப்போம். ஓரளவுக்கு உண்மை, ஆனால் சுழன்று வரும் காற்று சுடரைப் பக்கவாட்டில் சாய்த்து வெப்பத்தைப் பாத்திரத்திற்கு வெளியே தள்ளிவிடும். அடுப்பைச் சுற்றி மூன்று பக்கம் தகடு வைத்த பிறகுதான் நீர் கொதிக்கத் தொடங்கியது. மழை நேராகப் பெய்யும்வரை கதவுக் கூரை போதும். சாய்ந்து பெய்தால் முதுகு நனையும். மண் சாலையில் ஓடும் வண்டியின் பின்னால் அழுத்தம் குறைவதால் புழுதி அங்கேயே சுழன்று, கதவின் ரப்பர் விளிம்பில் நூலளவு இடைவெளி இருந்தாலும் உள்ளே புகுந்துவிடுகிறது. ஆகவே தட்டும் கரண்டியும் மூடியுள்ள பெட்டிக்குள்தான் இருக்கவேண்டும். சிலிண்டர் விஷயத்தில் ஒரு சொல்: பூச்சியத்தை ஒட்டிய குளிரில் பியூட்டேன் குப்பி ஆவியாக மறுக்கும், புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். வெளியே சமைப்பவனுக்கு இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அன்று.

எடையைப் பற்றி நீ எதுவும் எழுதவில்லை. பின்புற மேடையில் தண்ணீர்த் தொட்டியும் குளிர்பெட்டியும் பாத்திரங்களும் சேர்ந்தால் சக்கர அச்சுக்குப் பின்னால் பாரம் கூடி, காரோடு இணைக்கும் கொக்கியில் இறங்கும் எடை குறைந்துவிடும். அது மிகக் குறைந்தால் வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்கவேண்டும் என்பது வட அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாகச் சொல்வார்கள். எப்படியானாலும் 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ என்பதை மறவாமல், தொட்டியை அச்சுக்கு மேலேயோ முன்னாலோ நகர்த்து. பக்கவாட்டில் இழுப்பறை போல வெளியே வரும் சமையல் மேடைகளையும் பார்த்திருப்பாய். மேடை ஓடும் தண்டவாளத்தின் எடையும் நெரிசலான இடத்தில் அது கேட்கும் அகலமும் எனக்கு ஒத்துவரவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் வெளிச் சமையலையே நான் பரிந்துரைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. நல்ல மாலையில் இரண்டு ஏற்பாடும் நல்லவைதான். உன் வரைபடத்தை நள்ளிரவு இரண்டு மணிக்கு, கொட்டும் மழையில், உன் துணைவியார் இருமிக்கொண்டே வெந்நீர் கேட்கும் நேரத்தில் வைத்துப் பார். போன ஆண்டு எனக்கு அப்படி ஓர் இரவு வாய்த்தது. நனைந்த சட்டையோடு கதவுக் கூரையின் கீழ் நின்று தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டிருந்தபோதுதான், உள்ளே ஒரு முழு அடுப்பு தேவையில்லை, கொஞ்சம் வெந்நீருக்கு வழி இருந்தால் போதும் என்று விளங்கியது. இப்போது படுக்கையின் தலைமாட்டில் 12 வோல்ட்டில் இயங்கும் சிறிய கெட்டில் ஒன்று இருக்கிறது. அரை லிட்டர் கொதிக்க இருபது நிமிடத்திற்கு மேல் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி அது. ஆனால் செலவாகும் மின்சாரம் என் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருபதில் ஒரு பங்கைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. இண்டக்ஷன் அடுப்பை உள்ளே வைக்கலாமா என்று கேட்டிருந்தாயே, 1800 வாட் என்றால் 12 வோல்ட்டில் 150 ஆம்பியர். அதற்கான இன்வெர்ட்டரும் விரல் கனமுள்ள கம்பியும் உன் சிறிய வண்டிக்குப் பொருந்தாது.

நீங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில், ஒவ்வொரு இரவும் வெவ்வேறு இடத்தில் தங்கப்போவதாக இருந்தால் என் பேச்சைக் கேட்காதே. இருட்டிய பின் வந்து, விடியுமுன் கிளம்புகிறவர்களுக்கு உள்ளே சமைப்பதுதான் வசதி. அப்போது நிமிர்ந்து நிற்கும்படி கூரை உயரும் வண்டியாகப் பார்.

இரண்டாவது வரைபடத்தையே எடுத்தால், படுக்கைக்கும் மேடைக்கும் இடையிலுள்ள சுவரில் இரு பக்கமும் கதவுள்ள ஒரு சிறு அலமாரி வை. குவளையையும் மருந்தையும் எந்தப் பக்கத்திலிருந்தும் எடுக்கலாம். அது அடுப்பிலிருந்து தள்ளியே இருக்கட்டும், கதவுகளுக்கு ரப்பர் விளிம்பும் கொடு. வாயு அந்த வழியாக உள்ளே வரக்கூடாது. இறுதி செய்யுமுன் வாசலில் சுண்ணாம்புக் கோட்டால் தரைப்படத்தை வரைந்து, அட்டைப் பெட்டிகளை மேடையாக அடுக்கி, இருவரும் மாறி மாறி நின்று பாருங்கள். உன் உயரத்திற்குச் சரியான மேடை உன் துணைவியாருக்குச் சரியாக இருக்காது. அவருக்கு எந்த உயரம் பொருந்தியது என்பதை அடுத்த கடிதத்தில் மறவாமல் எழுது. அலமாரிக்கு நான் ஓர் அளவு வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்