எரேமியா 29: முழு அதிகாரத்தையும் வாசிப்போம்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

வேலைக்கும் திருமணத்துக்கும் காத்திருப்போருக்கு நாம் அடிக்கடி அனுப்பும் வாக்குத்தத்தம் எரேமியா 29:11. உங்களைக் குறித்து நான் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்று கர்த்தர் அதில் சொல்கிறார். இந்த வாரம் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய நிருபம் அது. மீட்புக்கு 70 வருஷம் ஆகும் என்கிறது 10ஆம் வசனம். கேட்டவர்களில் பலர் அதைக் கண்ணால் காணப்போவதில்லை. அதுவரை? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், நீங்கள் வாழும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபியுங்கள் (5–7). 11ஆம் வசனத்தைவிட இதுவே எனக்குப் பெரிய ஆறுதல். காத்திருக்கும் காலத்திலும் இன்று செய்யவேண்டியதை வேதம் தெளிவாகச் சொல்கிறது. அதை நம்பிச் செய்யலாம்.

வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் இதையே தியானிப்போம். வேதாகமத்தைக் கையோடு கொண்டுவாருங்கள்.