கொய்யாவைக் கடித்தது அணில் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சிறுவர் பக்கத்தில் அண்மையில் வந்த கொய்யாப்பழக் கதையைப் பற்றி எழுதுகிறேன். பழம் என்றாலே முகம் சுளிக்கிற ஒரு பையன். தோட்டத்தில் அணில் கடித்துப் போட்ட கொய்யாவைத் தாத்தா எடுத்து, வேட்டியில் துடைத்து, "அணில் கடிச்ச பழம்தான்டா இனிக்கும்" என்று கொடுக்கிறார். அன்றிலிருந்து அவன் தினமும் பழம் சாப்பிடுகிறான். நல்ல எண்ணத்தில் எழுதிய கதைதான், படமும் அழகு. ஆனால் எங்கள் ஊரில் அதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட முடியாது.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அங்கன்வாடி டீச்சர். பாலக்காடு மாவட்டம் என்றாலும் இங்கே வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது, வௌவாலோ பறவையோ கடித்த பழத்தைத் தொடவே கூடாது என்று சுகாதாரத் துறை வீடு வீடாகச் சொன்னது. அப்புறம் 2021இல் கோழிக்கோட்டில் 12 வயதுப் பையன், 2024இல் மலப்புரத்தில் 14 வயதுப் பையன் என்று இரண்டு பிள்ளைகளை அந்த நோய் கொண்டுபோனது. 2025 ஜூலையில் எங்கள் மாவட்டத்துக்கே வந்துவிட்டது. பழந்தின்னி வௌவாலின் எச்சிலிலும் மூத்திரத்திலும் அந்தக் கிருமி இருக்கலாம். ராத்திரி வௌவால் தின்றுவிட்டுப் போட்ட பழம் காலையில் மரத்தடியில் கிடக்கும். கடித்தது அணிலா வௌவாலா என்று பழத்தில் பெயர் எழுதியா இருக்கிறது? இந்தப் பக்கம் கொய்யா இல்லாத வீடு குறைவு. முதலமடை மாந்தோப்புகளும் பக்கத்தில்தான்.

இதைச் சொன்னால் பாட்டிமார் விடுவதில்லை. "ஏனுங்க டீச்சர், நாங்கெல்லாம் அதைத் தின்னு வளரலீங்களா?" என்பார்கள். அவர்களிடமே மல்லுக்கு நிற்கிறேன். இதில் பேப்பரும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டால் நான் என்ன செய்ய?

இன்னொன்று, ஊசி. காய்கறி சாப்பிடாத பிள்ளை, பல் தேய்க்காத பிள்ளை, மழையில் ஆடிய பிள்ளை எல்லாருக்கும் உங்கள் கதைகளில் கடைசியில் டாக்டர் ஊசி போடுகிறார். அவர்களும் அழுதுகொண்டே திருந்திவிடுகிறார்கள். ஊசியைத் தண்டனையாகக் காட்டிவிட்டால், 5 வயதில் டிபிடி ஊசி போட நர்ஸ் வரும் நாளில் "நான் ஒண்ணும் பண்ணலையே" என்று பிள்ளை அழுகிறது. அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அது தொண்டை அடைப்பானும் கக்குவானும் ரணஜன்னியும் வராமல் இருக்கப் போடுகிற ஊசி. குறும்புக்குக் கூலி இல்லை. தடுப்பூசி போடாத பிள்ளைகளிடம் தொண்டை அடைப்பான் என்ன செய்யும் என்பதை 2016இல் மலப்புரத்தில் பார்த்தோம். ஊசி போட்டுக்கொண்டு வந்து தோழிகளிடம் தோளைக் காட்டிப் பெருமை பேசுகிற ஒரு சிறுமியைப் பற்றி யாராவது எழுதினால் என்ன?

குறை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கதை வேலை செய்யும். அதை என் கண்ணால் பார்க்கிறேன். குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாள் நெருங்கும்போது நானே ஒரு கதை கட்டிச் சொல்வேன். அதில் கதாநாயகன் ஒரு கொக்கிப்புழு. ஈர மண்ணில் பதுங்கி, வெறுங்காலோடு யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பாதம் வழியாக உள்ளே ஏறி, குடலுக்குப் போய், வயிறு முட்ட ரத்தம் குடிக்க வேண்டும் என்பது அதன் ஆசை. ஆனால் தினமும் ஒரு பையன் செருப்புப் போட்டுக்கொண்டு வந்து காரியத்தைக் கெடுக்கிறான். "இன்னைக்கும் செருப்பா!" என்று புழு தலையில் அடித்துக்கொள்ளும்போது வகுப்பே உருண்டு புரண்டு சிரிக்கும். புழுவுக்கு ஏது தலை, ஏது கை என்று என் ஹெல்பர் அக்கா கேட்பார். பிள்ளைகள் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது "டீச்சரே, அந்தப் புழுவுக்கு அம்மா இருக்கா?" என்பதுதான். மறுநாள் காலையில் வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக்கொண்டாவது செருப்போடு வந்து நிற்கிறார்கள். அல்பெண்டசோல் மாத்திரையையும் துப்பாமல் மென்று தின்கிறார்கள். இதில் யாரும் யாரையும் திட்டவில்லை, யாரும் ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. 'நீதி' என்று கட்டம் கட்டி நான் எதுவும் சொல்வதும் இல்லை. உங்கள் பக்கத்தில் வரும் அந்தக் கட்டத்தைப் பிள்ளைகள் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். அதைப் படிக்க ஆரம்பிக்கும்போதே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள்.

கதைகளில் வரும் குழந்தைக்கு ஏன் எப்போதும் எதுவும் தெரியாது என்பதும் எனக்குப் புரியவில்லை. 2025 தொடக்கத்தில், உப்புமா வேண்டாம், பிரியாணியும் கோழி வறுவலும் வேண்டும் என்று ஓர் அங்கன்வாடிக் குழந்தை மழலையில் கேட்ட வீடியோ கேரளம் முழுக்கப் பரவியது. அமைச்சர் வீணா ஜார்ஜும் பார்த்தார். அந்த ஜூனிலேயே முட்டை பிரியாணி, புலாவ் எல்லாம் சேர்த்து, உப்பையும் சர்க்கரையும் குறைத்துப் புதிய உணவுப் பட்டியல் வந்துவிட்டது. உப்புமா கிண்டிக் கிண்டிக் கை ஓய்ந்த எங்களுக்கும் அதில் சந்தோஷம்தான். இப்படி வாய் திறந்து கேட்கிற பிள்ளையும் கதைக்குள் வரட்டுமே.

மலையாளப் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரத்தில் 1981 முதல் அரசின் பாலசாகித்ய இன்ஸ்டிடியூட் இருக்கிறது. வண்ணப் புத்தகங்கள் கிடைக்கின்றன. இங்கே எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாரம் தவறாமல் கைக்கு வருவது உங்கள் ஒரு பக்கம்தான். அதனால்தான் இவ்வளவு உரிமையோடு எழுதுகிறேன். உடம்பைப் பற்றிய கதை என்றால் அச்சுக்குப் போகும் முன் ஒரு டாக்டரோ நர்ஸோ ஒரு தடவை பார்க்கட்டும். அந்தக் கொய்யாக் கதைக்கு ஒரு சின்னத் திருத்தமும் போடுங்கள். தாத்தா மரத்தில் ஏறியே பறிக்கட்டும், பைப்பில் நன்றாகக் கழுவிக் கொடுக்கட்டும். கதை ஒன்றும் கெட்டுப்போகாது.

அப்புறம், சிறுவர் பக்கத்துக்கு எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். இங்கே வீட்டில் படித்துக் காட்டுவது பெரும்பாலும் பாட்டிமார்தான். அவர்கள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பிள்ளை தெருவுக்கு ஓடிவிடுகிறது.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடி டீச்சர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.