சிதறு தேங்காயும் புரோட்டானும்

பினாங்கு

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. செந்தூலில் மாடிப்படி இல்லாத வீடு பிடித்துவிட்டாய், நல்லது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

ஜெனிவா பக்கம் பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வளையம் தோண்டி எதை மோதவிடுகிறார்கள் என்று உன் பேத்தி கேட்டாளாமே. நம் பழைய டிவி ரிப்பேர் கடையிலிருந்து ஆரம்பி. பிக்சர் டியூபின் கழுத்தில் செப்புச் சுருள் மாட்டியிருக்குமே? மின்னழுத்தம் எலெக்ட்ரானைத் தள்ளும், சுருளின் காந்தம் அதைத் திருப்பும். அந்த 25,000 வோல்ட்டில் கைவைத்து நீ ஸ்டூலோடு விழுந்தது நினைவிருக்கிறதா!

அந்த வளையம் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்திலும் அதே தள்ளலும் திருப்பலும்தான். மோதவிடுவது புரோட்டான்களை, அணுக்கருவில் இருக்கும் துகள்கள். புரோட்டான் ஒவ்வொரு சுற்று வரும்போதும் ரேடியோ அலை ஒரு தட்டு தட்டிவிடும், ஊஞ்சல் ஆட்டுவது போல. நொடிக்கு 11,000 சுற்றுக்கு மேல். வளைக்கிற காந்தங்களைத் திரவ ஹீலியத்தால் மைனஸ் 271 டிகிரிக்குக் குளிரவைத்திருக்கிறார்கள்.

சரி, மோதினால் என்ன? தைப்பூசத்தில் ரதம் வரும் வழியில் தேங்காய் உடைக்கிறோம். ஓடு, பருப்பு, தண்ணீர். உள்ளே இருந்ததுதான் வெளியே வரும். புரோட்டானையும் அப்படித்தான் உடைத்துப் பார்க்கிறார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். தப்பு. 2012 ஜூலை 4 அன்று அந்த மோதல்களில் கண்டுபிடித்ததாக அறிவித்தார்களே, ஹிக்ஸ் என்ற அந்தப் புதுத் துகள் ஒரு புரோட்டானைவிட ஏறத்தாழ 133 மடங்கு கனம். தேங்காய்க்குள் ஆட்டுக்கல் ஒளிந்திருக்குமா? மோதும் வேகத்தின் ஆற்றலே கனமாக மாறுகிறது. ஐன்ஸ்டைன் போட்ட கணக்கு அது.

எதிரெதிரே மோதவிடுவதும் அதற்காகத்தான். சும்மா கிடப்பதன்மேல் ஒன்றை எறிந்தால், சில்லெல்லாம் முன்னோக்கிப் பறப்பதிலேயே பெரும்பகுதி ஆற்றல் போய்விடும்.

ஆனால் பிறந்த துகளை யாரும் நேரில் பார்ப்பதில்லை. கண்ணிமைப்பதற்கு வெகுமுன்பே சிதைந்துவிடும். அதனால் இயற்கையில் தேடி எடுக்கவும் வழியில்லை, வேண்டும்போது உண்டாக்கித்தான் பார்க்கவேண்டும். ரதம் போன மறுநாள் ரோட்டில் கிடக்கும் சில்லை வைத்து எத்தனை காய், எப்படி விழுந்தது என்று கணக்குப் போடுவது போல, சிதறியவற்றின் தடத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். இந்த வேலைதான் எனக்குப் பிடித்தது. கெட்ட செட்டைத் திறந்து, எது புகைந்தது என்று மோப்பம் பிடித்த நமக்குப் புரியாதா?

அடுத்த தைப்பூசத்துக்குப் பேத்தியோடு வா. ஸ்டோரில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இன்னும் ஓடுகிறது. திரையருகே காந்தம் பிடித்துப் படம் வளைவதை அவளுக்குக் காட்டுகிறேன். நீ மட்டும் பின்பக்கம் கைவைக்காதே.

அன்புடன்,
மணியம்