முதலில் ஒரு டம்ளரை வரையச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓவியமும் டிசைனும் கற்கத் தொடங்குபவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அரைப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். எந்த டேப்லெட் வாங்கலாம், எந்த மென்பொருள் சுலபம், எத்தனை பென்சில் வேண்டும், தினமும் அரை மணி நேரம் பயிற்சி செய்தால் போதும் என்றெல்லாம் இருந்தது. தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் உட்கார்ந்து என்ன செய்வது என்பது மட்டும் எங்கேயும் இல்லை. இதே மாதிரி யோசனைகளை நம்பி ஒரு வருஷத்தைத் தொலைத்தவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

முப்பது வயதைத் தாண்டித்தான் பென்சிலைக் கையில் எடுத்தேன். ஒரு நாள் விடாமல் வரைந்தேன். செல்போனில் ஒரு முகத்தையோ பறவையையோ வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வரைவது, நன்றாக வந்தால் ஷேடிங் போடுவது, வராவிட்டால் பக்கத்தைத் திருப்பிவிடுவது, இதுதான் என் பயிற்சி. பதினோரு ஸ்கெட்ச் புக் தீர்ந்தது. பதினோராவதையும் முதலாவதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. கோடு அழகாகியிருந்தது, உண்மைதான், ஆனால் முகத்தில் கண்கள் மட்டும் அன்றைக்கு இருந்த அதே இடத்தில், நெற்றியில் பாதி ஏறி உட்கார்ந்திருந்தன. நெற்றியும் முடியும் சேர்ந்து எவ்வளவு இடம் எடுக்கிறது என்று நாம் கவனிப்பதே இல்லை. கண்கள் ஏறக்குறைய தலையின் சரிபாதியில் இருக்கின்றன. நம்பிக்கை இல்லாவிட்டால் கண்ணாடி முன் நின்று உச்சந்தலையிலிருந்து கண் வரைக்கும், கண்ணிலிருந்து தாடை வரைக்கும் ஒரு ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு வருஷமாக என் தப்பை நான் நன்றாகப் பழகியிருந்தேன்.

அப்புறம் ஓர் ஆசிரியரிடம் போனேன். என் புத்தகங்களை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து வரையச் சொன்னார். டம்ளர்தானே என்று ஐந்து நிமிஷத்தில் முடித்து நீட்டினேன். வாய் கிட்டத்தட்ட முழு வட்டம், அடி நேர்கோடு. அவர் டம்ளரை என் பக்கம் தள்ளி, “அடி உங்களுக்கு நேராவா தெரியுது? நல்லா பாருங்க” என்றார். பார்த்தேன். நேராக இல்லை.

வாய் வட்டம் என்பது நமக்கு முன்பே தெரியும், அதனால் வட்டம் போடுகிறோம். மேசை தட்டை என்பதும் தெரியும், அதனால் அடியை நேராக இழுத்துவிடுகிறோம். எதிரே தெரிவது இரண்டுமே நீள்வட்டங்கள், அதிலும் வாய் கண்மட்டத்துக்குக் கிட்டே இருப்பதால் ஒடுங்கியும், அடி இன்னும் கீழே இருப்பதால் அதைவிட விரிந்தும் தெரியும். டம்ளரைக் கையில் எடுத்து மெல்லத் தூக்கிப் பாருங்கள், வாய் ஒடுங்கி ஒடுங்கிக் கண்மட்டத்துக்கு வரும்போது ஒற்றைக் கோடாகிவிடும், அதற்கும் மேலே தூக்கினால் அடிப்பக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும். பார்க்கிற இடத்தையும் தூரத்தையும் பொறுத்துப் பொருளின் வடிவம் எப்படித் தெரிகிறது என்பதற்கு பெர்ஸ்பெக்டிவ் என்று பெரிய பெயர் வைத்துப் பயமுறுத்துகிறார்கள், அந்த விஷயத்தின் பாதி இந்த ஒரு டம்ளருக்குள் இருக்கிறது.

அடுத்தது அளவு. முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியை டம்ளர் வாயின் ஓர் ஓரத்தில் பொருத்தி, இன்னோர் ஓரத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அகலம் உயரத்தில் எத்தனை தடவை அடங்குகிறது என்று எண்ண வேண்டும். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் அளவு மாறிவிடும், அதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். என் படத்தில் இரண்டு தடவை அடங்கியது. நிஜ டம்ளரில் ஒன்றரைத் தடவைகூட இல்லை. நான் ஒரு பூந்தொட்டியை நீட்டிவிட்ட மாதிரி எதையோ வரைந்திருந்தேன்.

அவர் போட்ட விதி ஒன்றுதான். கால் மணி நேரம் வரைய வேண்டும், அடுத்த கால் மணி நேரம் சிவப்புப் பேனாவால் அதே படத்தில் தப்புகளைக் குறிக்க வேண்டும், தேதியும் போட வேண்டும். முதல் வாரம் எனக்குத் தப்பே தெரியவில்லை, அதுதான் வேடிக்கை. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கச் சொன்னார், கண்ணாடியில் காட்டிப் பார்க்கச் சொன்னார். கண்ணாடி யோசனை பழசு, லியோனார்டோ டா வின்சியே தன் குறிப்பேடுகளில் எழுதி வைத்தது. இடம் வலம் மாறியதும் படம் வேறு யாரோ வரைந்ததைப் போல ஆகிவிடுகிறது, அடுத்தவர் தப்பு நமக்குச் சட்டென்று தெரியும் அல்லவா?

போட்டோவைப் பார்த்து வரையவே கூடாது என்று சொல்ல வரவில்லை. முப்பரிமாணத்தைத் தாளுக்குத் தட்டையாக்கிக் கொடுக்கிற வேலையைக் கேமரா முன்கூட்டியே செய்து முடித்துவிடுகிறது, தொடக்க மாணவர் பழக வேண்டியதே அந்த வேலையைத்தான். ஆறு மாதமாவது நிஜப் பொருளை எதிரில் வைத்து வரையட்டும், பிறகு போட்டோவுக்குப் போகலாம்.

ஷேடிங் பற்றி ஒரு வார்த்தை. பெரிய பென்சில் பெட்டியெல்லாம் தேவையே இல்லை, நடுத்தரமான ஒரு எச்பி, அதைவிட மென்மையாகக் கறுப்பாக விழுகிற ஒரு 4பி போதும். தொடங்குபவர்கள் கறுப்புக்குப் பயப்படுகிறார்கள், படம் முழுக்க ஒரே சாம்பலாக இருக்கும், அதை விரலால் வேறு தேய்த்துவிடுவார்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தால் சின்னச் சின்ன விவரங்கள் மங்கி, எது வெளிச்சம் எது இருட்டு என்று இரண்டு மூன்று திட்டுகளாகப் பிரியும், அந்தத் திட்டுகளை முதலில் போட வேண்டும். வெள்ளைச் சட்டையின் நிழல் மடிப்பு எவ்வளவு இருட்டு என்று அப்படிப் பார்த்தபோது நான் நம்பவில்லை.

நிறத்திலும் இதே கதைதான். சுவரில் தொங்கவிடும் சித்திரத் துணிகளை நெய்கிற கோபெலின் என்ற பிரெஞ்சுப் பட்டறையில் கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தபோது, அங்கே சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரல் சோதித்துப் பார்த்து, சாயத்தில் கோளாறு இல்லை, பக்கத்தில் இருக்கிற நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தார். அதை விரிவாக 1839இல் வெளியிட்டார். ஒரே சாம்பல் தாளில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் கறுப்பின் மேலும் ஒன்றை வெள்ளையின் மேலும் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான் என்று சத்தியம் செய்தாலும் கண் ஒப்புக்கொள்ளாது. நாற்பத்தெட்டு கலர் செட் வாங்குவதற்கு முன் இதை ஒரு தடவை செய்துவிடலாம்.

டிசைன் கற்பவர்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்பார்கள். பொருந்தும். 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கிய பவுஹவுஸ் என்ற கலை, டிசைன் பள்ளியிலேயே வந்தவர்களை நேராகப் பட்டறைக்குள் விடவில்லை, வடிவம், நிறம், பொருள்களின் தன்மை என்று ஓர் அடிப்படை வகுப்பு வைத்தார்கள். நம் மாணவர்களோ முதல் நாளே ஃபான்ட் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரே ஃபான்ட், கறுப்பு மட்டும், ஒரு தலைப்பு, நான்கு வரி, இதை வைத்துத் தீப்பெட்டி அளவில் இருபது லேயவுட் கையால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்துக்கு மேல் சரக்கு தீர்ந்துவிடும், உருப்படியானது பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான் வரும். தமிழில் இன்னொன்று இருக்கிறது. கீ, வீ மேலே கொம்பு நீட்டும், ஞூ, மூ கீழே இறங்கும், ஆங்கிலத்தை மனதில் வைத்து அமைத்த வரி இடைவெளியில் தமிழை ஊற்றினால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். தப்பாக நினைக்க வேண்டாம், உங்கள் இணைப்பின் குறுகிய பத்திகளிலேயே வரியை இரண்டு ஓரமும் நிரப்புவதற்காகச் சொற்களை இழுத்து இழுத்து நடுவில் ஓட்டை விட்டிருக்கிறீர்கள், அதைச் சிவப்புப் பேனாவால் குறித்தும் வைத்திருக்கிறேன்.

கைவாகு பிறவியிலேயே வர வேண்டும் என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. வான் கோ ஓவியராவது என்று முடிவு செய்தது 1880இல், அப்போது அவருக்கு 27 வயது. சார்ல் பார்க் என்பவர் மாணவர்களுக்காக அச்சிட்ட பயிற்சிப் படங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார், பெர்ஸ்பெக்டிவுக்காக நூல் கட்டிய மரச்சட்டம் ஒன்றைப் பயன்படுத்தினார். ஆரம்பத்தில் வரைந்த மனிதர்கள் விறைப்பாக, மரக்கட்டை மாதிரி நிற்பார்கள். அவருக்கு வேறு எதுவும் பிறவியில் இல்லை என்று சொல்ல நான் யார், ஆனால் அளப்பதற்குச் சட்டம் வேண்டியிருந்தது அவருக்கும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை தொடக்க மாணவர்களுக்காக எழுதும்போது, டேப்லெட் படம் வருகிற இடத்தில் தப்பாக வரைந்த ஒரு டம்ளர் படத்தைப் போட்டு, எங்கே தப்பு என்று வாசகர்களையே குறித்து அனுப்பச் சொல்லுங்கள். படம் கிடைக்காவிட்டால் என் முதல் டம்ளரையே தருகிறேன், தேதியோடு பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்